தொடக்கமும் நோக்குநிலையும்: 'கிசெகி' தொடரை முன்வைத்து

நீண்டு செல்லும் தொடரொன்றை எவ்விடத்திலிருந்து தொடங்குவது என்ற வினா பெரும்பாலும் வசதி பற்றியதாகவே கருதப்படுகின்றது. யப்பானிய நிறுவனமான நிஹொன் ஃபல்கொம் 2004 ஆம் ஆண்டு தொடக்கம் வெளியிட்டுவரும் 'கிசெகி' என்னும் வகிபாக விளையாட்டுத் தொடரைப் பொறுத்தவரை அக்கருத்துப் பொருந்தாது. 'ஃபைனல் ஃபான்டசி'யின் எண்ணிடப்பட்ட ஆக்கங்கள் பெரும்பாலும் தனித்தனி உலகங்களைக் கொண்டவை. எதனையும் முதலில் எடுக்கலாம். கிசெகியோ ஒரே கண்டத்தின் கதையை நாடு நாடாகக் கூறிச் செல்வது.

ஆங்கிலத்தில் 'ட்ரெயில்ஸ்' எனப்படும் இத்தொடருக்குப் புதியவர்கள் 'கோல்ட் ஸ்டீல்' (2013) என்னும் ஆக்கத்திலிருந்து தொடங்கலாம் என்போர் உளர். அக்கூற்று முற்றாக ஒதுக்கத்தக்கதன்று. எரெபோனியப் பேரரசின் இராணுவக் கல்லூரியொன்றிற் பிரபு குலத்தாரும் சாமானியரும் ஒரே வகுப்பில் அமர்த்தப்படுகின்றனர். அதனாலெழும் முரண்பாடு சுவையானது. படப்பாங்கும் புதியது.

ஆயின் 2004 இல் வெளிவந்த 'சோரா நோ கிசெகி' அதே பேரரசை வேறோரிடத்தில் நின்று காட்டுகின்றது. அதன் களம் லிபேர்ல் என்னும் சிறிய இராச்சியம். கதை தொடங்குவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர் பேரரசு அந்நாட்டின்மீது படையெடுத்தது. கதாநாயகி எஸ்டெல் அப்போரிலே தாயை இழந்தவள். அவள் தந்தை அதன்பின் இராணுவத்தைத் துறந்தவர். பேரரசு என்பது இங்கு ஒரு வீட்டின் வெறுமையாகவே முதலில் அறிமுகமாகின்றது. இதனை அறிந்தபின் எரெபோனியக் கல்லூரிக்குள் நுழைபவர் அங்குள்ள நண்பர்களை விரும்பலாம், மறக்க இயலாது. வரிசையை மாற்றினாலோ பேரரசு விடுதியாகவும் தோழமையாகவும் மனத்திற் பதிந்துவிட, போர் ஒரு பாடக்குறிப்பாகச் சுருங்கிவிடும். அப்போருக்குக் காரணம் கற்பிக்கப்பட்ட விதம் 2006 இல் வந்த இரண்டாம் பகுதியிலேயே துலங்கும். அதனை இங்கு எடுத்துரைப்பது விளையாடப் புகுவோருக்கு இழைக்கும் அநீதியாகும்.

முதலாக்கம் மெதுவாக நகர்கின்றது என்பது உண்மையே. எனினும் அம்மெதுமையிலேயே அதன் வலு உள்ளது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னரும் கடைக்காரர், முதியோர், சிறுவர் முதலியோரின் பேச்சு மாறுகின்றது. பெயரளவிற் கடந்துபோகும் மாந்தருக்கும் வாழ்க்கை உண்டு. விரைந்து செல்வோர் இழப்பது இதனையே. பழைய படப்பாங்கு பற்றிய முறைப்பாட்டுக்கு 2025 இல் வெளியான மீளாக்கம் விடையளித்துவிட்டது.

மொழிபெயர்ப்பு வரிசை வேறொரு குழப்பத்தை விளைத்தது. இரு வல்லரசுகளுக்கிடையே நசுங்கும் குறொஸ்பெல் பற்றிய ஆக்கங்கள் 2010, 2011 ஆம் ஆண்டுகளில் யப்பானில் வெளிவந்தவை. அவற்றின் அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்புகள் 2022, 2023 ஆம் ஆண்டுகளிலேயே கிடைத்தன. 'கோல்ட் ஸ்டீல்' 2015 இலேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. அதனால் ஆங்கிலத்தில் விளையாடியோர் பலர் குறொஸ்பெலின் முடிவைப் பேரரசின் வாயிலாகவே முதலில் அறிந்தனர். இன்று அவ்விடர் இல்லை. லிபேர்லுக்குப் பின் குறொஸ்பெல், அதன்பின் எரெபோனியா எனச் செல்வதே பொருத்தம். முதற்பகுதி கதையை இடைநடுவில் நிறுத்திவிடுவதால், இரண்டாம் பகுதியையும் கைவசம் வைத்துக்கொண்டு தொடங்குவது நன்று.