பால் ஸ்ட்ராண்டும் 291 காட்சிக்கூடமும்

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்ட் (1890–1976) நவீன ஒளிப்படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவர். பிறர் படைப்புகளைக் கண்காட்சியில் பார்ப்பது ஒருவரின் சொந்தப் படைப்பை எவ்வாறு மாற்றும் என்பதற்கு அவரது தொடக்கக்காலம் தெளிவான சான்று.

முதல் வருகை

நியூயார்க்கின் எதிக்கல் கல்ச்சர் பள்ளியில் ஸ்ட்ராண்டின் ஆசிரியராக இருந்தவர் லூயிஸ் ஹைன். குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்துப் பின்னாளில் புகழ்பெற்றவர். 1907 வாக்கில் அவர் தம் மாணவர்களை, ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நடத்திவந்த 291 காட்சிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த படங்களைக் கண்ட ஸ்ட்ராண்ட், தாமும் ஒளிப்படக் கலைஞராவது என்று முடிவு செய்தார்.

அந்த வருகை அவருக்கு விருப்பத்தைத் தந்தது, தனிப்பார்வையைத் தரவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அவர் எடுத்தவற்றில் பல, அங்கே கண்ட பாணியைப் பின்பற்றிய மங்கலான, மென்மையான படங்களே.

திருப்பம்

பின்னர் 291 கூடத்திலும் 1913ஆம் ஆண்டின் ஆர்மரி கண்காட்சியிலும் செசான், பிக்காசோ முதலியோரின் ஓவியங்களை ஸ்ட்ராண்ட் பார்த்தார். தம் படங்களை ஸ்டீக்லிட்ஸிடம் காட்டியபோது, மங்கலாக்கும் லென்சில் புல்லும் நீரும் ஒரே பொருள்போல ஆகிவிடுவதை அவர் சுட்டிக்காட்டினார்.

அதன்பின் வந்த படங்கள் வேறு. 'வால் ஸ்ட்ரீட்' (1915) படத்தில், வங்கிக் கட்டடத்தின் பெரிய இருண்ட சாளரங்களுக்குக் கீழே மனிதர்கள் சிற்றுருவங்களாக நடக்கிறார்கள். 1916இல் கிண்ணங்களையும் தாழ்வாரத்து நிழல்களையும் வெறும் வடிவங்களாக அமைத்துப் பார்த்தார். அதே ஆண்டு அவரது படங்கள் 291 கூடத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. 'கேமரா வொர்க்' இதழின் இறுதி வெளியீடு (1917) அவரது படங்களுக்கே ஒதுக்கப்பட்டது.

மதிப்பீடு

ஒளிப்படக் கண்காட்சியே ஸ்ட்ராண்டை உருவாக்கியது என்பது பாதி உண்மை. ஒளிப்படங்களைப் பார்த்தபோது அவற்றின் தோற்றத்தை அவரால் எளிதில் பின்பற்ற முடிந்தது. கியூபிச ஓவியத்தைக் கேமராவால் அப்படியே பின்பற்ற இயலாது. ஓவியர் எழுப்பிய கேள்விக்குத் தம் கருவியைக்கொண்டு தாமே விடை தேட வேண்டியிருந்தது. அந்தத் தேடலிலேயே அவரது நடை பிறந்தது.

இந்த நடைக்கு ஒரு குறையும் உண்டு. 'வால் ஸ்ட்ரீட்' படத்தில் மனிதர்கள் வடிவத்தின் பகுதியாகிவிடுகின்றனர்; அவர்களின் முகம் நமக்குத் தெரிவதில்லை. 'பார்வையற்ற பெண்' (1916) படம் அக்குறையை ஈடுசெய்கிறது. அதில் ஹைனின் மனித அக்கறையும் நவீன ஓவியத்தின் கட்டுக்கோப்பும் இணைகின்றன. ஆசிரியர் காட்டிய இரு வழிகளும் மாணவரிடம் ஒன்றுசேர ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின. கண்காட்சியின் பயனை மறுநாள் எடுக்கும் படத்தைக்கொண்டு அளவிட முடியாது.