தடைசெய்யத் தெரிந்த தீவு

இலங்கையின் விவசாயம் பற்றித் தமிழ்நாட்டில் இன்று பேச்செழுந்தால் அது பெரும்பாலும் ஒரு கிண்டலில் முடிகிறது: இயற்கை விவசாயம் என்று கிளம்பி, ஒரே போகத்தில் நாட்டைக் கவிழ்த்தவர்களாம் நாங்கள். 2021 மே மாதம் இரசாயன உரத்தோடு பீடைநாசினி இறக்குமதியையும் நிறுத்திவிட்டு நவம்பரில் அந்தத் தடையை விலக்கிக்கொண்ட அரசுக்காக எவரும் வாதாட முடியாது. ஆனால் அந்த ஆறு மாதத்தை வைத்து, நஞ்சைக் கட்டுப்படுத்துவதில் இத்தீவுக்குள்ள நாற்பது வருடப் பழக்கத்தை எடைபோடுவது அநியாயம். மரக்கறியும் பழமும் வெங்காயமும் செய்கிற சிறு கமக்காரருக்கு இரண்டு வகை உதவி தேவை. கொடிய நஞ்சு கடைக்கே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் வேலை செய்யக்கூடிய வேறொன்று அவர் கைக்குக் கிடைக்க வேண்டும். முதலாவதில் இலங்கை முன்னே நிற்கிறது. இரண்டாவதில் தமிழ்நாடு வலுவானது என்பதை, அதன் பல்கலைக்கழக வெளியீடுகள் வழியே மட்டும் அதை அறிந்தவர்களும் மறுக்க மாட்டார்கள்.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். இலங்கையின் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கம். பதிவாளர் ஒருவர் அனுமதிக்காத மருந்து நாட்டுக்குள் வர முடியாது. மோனோகுரோட்டபாஸ் இங்கே 1995இல் நிறுத்தப்பட்டது. இந்தியா அதை மரக்கறிகளுக்கு மட்டும் விலக்கியது 2005இல், பருத்திக்கென்று அது தொடர்ந்து விற்பனையானது. எண்டோசல்பானை இலங்கை 1998இல் தடைசெய்தது. இந்தியாவில் காசர்கோட்டு மக்கள் அதனால் பட்ட துயரம் உச்ச நீதிமன்றம்வரை போய், 2011இல்தான் தடை வந்தது. பரகுவாட்டும் 2008 தொடங்கிப் படிப்படியாக இங்கே விலக்கப்பட்டது. இந்தத் தடைகள் உணவின் தூய்மைக்காக வந்தவையல்ல, நஞ்சருந்தி இறந்தவர்களின் தொகை கண்டு வந்தவை என்பார்கள். உண்மைதான். 1995ஐ ஒட்டி உலகின் மிக உயர்ந்த தற்கொலை விகிதங்களில் ஒன்று எங்களுடையது. அடுத்த இருபது வருடங்களில் அது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. ஆனால் குடித்தவரைக் கொல்லும் நஞ்சு தெளிப்பவரின் தோலையும் மூச்சையும் விட்டுவைப்பதில்லை. வடக்கிலுள்ள வலிகாமத்தின் சுண்ணக்கற்பாறை நிலத்தில் தோட்டத்தில் ஊற்றுவது கிணற்றுக்கு இறங்கும். அந்தக் கிணறுகளை நம்பிச் சின்ன வெங்காயமும் மிளகாயும் செய்கிற குடும்பங்களுக்கு, வராமல் போன ஒவ்வொரு கொடிய மருந்தும் ஒரு பாதுகாப்பு.

கடல் சூழ்ந்த சிறு நாடு, மருந்துகள் பெரும்பாலும் துறைமுகம் வழியே வருபவை. தடுப்பது எளிது என்று மறுப்பு வரும். இந்தியாவோ தானே பெருமளவில் உற்பத்தி செய்யும் நாடு. இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே தடை தாமதிப்பதற்குப் பரப்பளவு மட்டும் காரணமல்ல. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஒரு மாநிலம் ஒரு மருந்தை 60 நாள்களுக்கு நிறுத்திவைக்கலாம், நீட்டித்தால் 90 நாள். அதற்குமேல் முடிவு டில்லியுடையது. தன் வயலுக்கு எது ஆகாது என்று தீர்மானிக்கும் உரிமை ஏழு கோடித் தமிழர் வாழும் மாநிலத்துக்கு இல்லை. கொழும்பின் முடிவுகளுக்குக் கட்டுப்பட்டு வாழும் எங்களுக்கு அந்த நிலை புரியாததல்ல.

மாற்று வழி என்று வந்தால் பப்பாசி மாவுப்பூச்சியைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டவர் பப்பாளி என்கிற அந்த மரத்தை இரு கரையிலும் 2008இல் ஒரே சமயம் அது தாக்கியது. மெழுகுப் பூச்சுக்குள் ஒளிந்திருப்பதால் எவ்வளவு தெளித்தாலும் அது அசையவில்லை. இலங்கை 2009இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தது. இந்தியா 2010இல் அதையும் வேறு இரு குளவி இனங்களையும் வரவழைத்தது. ஓர் ஆண்டு முந்தியவர்கள் நாங்கள் என்று பெருமைப்படலாம். ஆனால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அந்தக் குளவிகளைப் பெருக்கி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்கள்வரை கொண்டுசேர்த்த வேகம் அவர்களுக்கே உரியது. எங்கள் மலையகத்துக்கு இந்தக் கலை புதிதன்று. 1935-36இல் யாவாவிலிருந்து கொண்டுவந்த ஒரு குளவி தேயிலைச் சுருட்டுப்புழுவை அடக்கியது. பின்னர் தண்டு துளைக்கும் வண்டுக்கென்று டீல்ட்ரின் தெளித்தபோது குளவி மடிந்து, சுருட்டுப்புழு மீண்டும் தலைதூக்கியது. நஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை நன்மை செய்யும் பூச்சிக்கு ஆயுள் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தடையை நான் முதலில் வைப்பதும் அதனால்தான்.

ஆனால் தடை மட்டும் போதும் என்று நினைத்ததே 2021இன் பிழை. முந்திய தடைகளில் ஒரு மருந்து போனபோது கடையில் ஆபத்துக் குறைந்த வேறொன்று இருந்தது. கமக்காரர் விளைச்சலை இழக்கவில்லை. 2021இல் எல்லாம் ஒரே நாளில் போயின, பதிலுக்குக் கைக்கு எதுவும் வரவில்லை. ஆகவே அந்த வருடம் இலங்கையின் பழக்கத்தைப் பொய்யாக்கவில்லை. அந்தப் பழக்கத்தை மீறியதன் விலையைக் காட்டியது. வடக்கின் கமநல சேவை நிலையங்களில் டிரைக்கோகிரம்மா குளவி அட்டையும் பழ ஈப் பொறியும் தமிழ்நாட்டில்போல் எளிதாகக் கிடைக்க வேண்டும். அதைக் கோயம்புத்தூரிடம் கேட்டுக் கற்பதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை. சப்பாத்திக்கள்ளியை அழிக்கும் பூச்சி 1865ஐ ஒட்டித் தென்னிந்தியாவிலிருந்து இங்கே வந்தது. வேறொரு கள்ளிக்கான பூச்சி 1926இல் இங்கிருந்து அங்கே போனது. கொடுக்கல் வாங்கல் பழையது. அவர்கள் வளர்ப்புக் கூடங்களை எங்களுக்குத் திறக்கட்டும். நாங்கள் எங்கள் தடைப் பட்டியலை அவர்களிடம் நீட்டுகிறோம். கிண்டலைவிட அந்தப் பட்டியல் அவர்களுடைய விவசாயிக்குப் பயன்படும்.