உடன் கற்றோன் உரைக்கும் பாயிரம்

நூலாசிரியன் தன் நூலைத் தானே புகழ்ந்துரைத்தல் தகாது என்பது தமிழ் மரபு. ஆகலின், நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்தற்குரியார் இன்னார் எனப் பவணந்தி முனிவர் நன்னூலில் வரையறுத்தனர். ஆசிரியனுடைய ஆசான், அவனோடு ஒருங்கு கற்றவன், அவன் மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் என அவர் நால்வராவர். இவருள் இரண்டாமவனாகிய உடன் கற்றோனே இக்கட்டுரையின் பொருளாவான். நம் மாணாக்கர் தாம் சுவைத்த நாவலொன்றைத் தோழர் கையிற் கொடுத்து, "இதைப் படித்துப் பார்" என்று கூறுங்கால் அவர் செய்வதும் ஒருவகைச் சிறப்புப்பாயிரமே. நன்னூலார் குறித்தவன் நூலாசிரியனோடு கற்றவன். இவனோ வாசகனோடு கற்பவன். வேறுபாடு அவ்வளவே.

இளைஞர் தம்முட் பரிமாறும் இப்பாராட்டு வெறும் விருப்பமேயன்றித் திறனாய்வு ஆகாது என்பர் ஆசிரியருட் பலர். யானும் அங்ஙனமே எண்ணியிருந்தேன். அக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கொண்டு நோக்குவாம்.

கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை அவர் நடத்திய வார இதழிற் தொடராக வெளிவந்தது. வாரந்தோறும் இதழ்த் தாள்களைக் கத்தரித்துச் சேர்த்து, நூலாகக் கட்டுவித்து, உற்றார்க்கும் அயலார்க்கும் இரவல் கொடுத்த குடும்பங்கள் பல. அந்நாவல் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் சென்றது பெரும்பாலும் இவ்வாறு கைம்மாறியேயாம். 2022, 2023ஆம் ஆண்டுகளில் அது மணிரத்தினத்தின் நெறியாள்கையில் இரு பகுதித் திரைப்படமாக வெளிவந்த பின்னர், ஐந்து பாகங்களையும் தேடிப் படிக்கும் ஆர்வம் இளைஞரிடையே மீண்டும் தளிர்த்தது.

அக்காலத்தே வகுப்பில் மாணவி ஒருத்தி அந்நாவலைத் தன் தோழியர்க்கு வியந்துரைத்தாள். "படம் பார்த்த மயக்கம்" என்று யான் இகழ்ந்து கூறினேன். அவள் அடங்கிய குரலில், "இல்லை ஐயா, வந்தியத்தேவன் அடிக்கடி பிழை விடுகிறான், அதனாலேதான் எனக்குப் பிடித்தது" என்றாள். அவ்விடை என்னை நாணச் செய்தது. அந்நாவலின் கட்டுக்கோப்பை ஆராய்வார் முதலிற் காணவேண்டிய உண்மை அதுவே. வந்தியத்தேவன் குறையற்ற வீரனல்லன். அவனுடைய துடுக்கும் அவசரமும் அடங்கா ஆவலுமே அவனைப் பிறர் மறைவிடங்களிற் கொண்டு புகுத்துகின்றன. சோழ நாட்டுச் சூழ்ச்சிகள் வாசகனுக்கு வெளிப்படுவதும் அவ்வழியே. பதினைந்து வயதுச் சிறுமி கண்டதனை ஆசிரியனாகிய யான் கேட்க மறுத்தேன் என்பதே உண்மை.

இன்னுமொன்று. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் இன்னார் என்பதைக் கல்கி ஐயமற உரையாது விட்டார். உடையார்குடிக் கல்வெட்டோ ரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் எனக் குறிக்கின்றது. நாவல் விட்ட இவ்விடைவெளியே வாசகரைத் தம்முள் வாதிடத் தூண்டுவது. தன்னைப் படித்தவன் பிறனொருவனோடு பேசியே தீரவேண்டும் என்னும் நிலையை உண்டாக்குதல் ஒரு நாவலுக்குச் சிறுமையன்று.

எனினும் இளைஞர் கூற்றனைத்தும் ஏற்கத்தக்கன என்பது எம் கருத்தன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்பார், ஆக்கியோன் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்க்கு அளித்து, அவர்தம் கருத்துகளை எழுதுவித்துத் தொகுத்து 1929இல் நூலாக வெளியிட்டார். சிறந்த பாடல்கள் இகழப்பட்டமையும், எளிய பாடல்கள் போற்றப்பட்டமையும் அதனாற் புலனாயின. மனத்தில் முன்னரே படிந்து கிடக்கும் பழகிய உணர்ச்சிகளைக் கவிதையின் உணர்ச்சியாக மயங்குதலே அதற்கு ஒரு காரணம் என்பர் அவர். நாவல் வாசகர்க்கும் இக்குறை உண்டு. "அழுதுவிட்டேன், ஆகவே நல்ல கதை" என்பான் தன் கண்ணீரைப் புகழ்கின்றானேயன்றி நாவலையன்று.

தொடர்கதைகளின் பெருஞ்செல்வாக்கைக் கண்டு மயங்காது, அவற்றை இலக்கியமாகக் கொள்ள மறுத்தவர் க. நா. சுப்ரமண்யம். அத்துணைக் கண்டிப்பு வாய்ந்த அவரும் தாம் விரும்பிய நூல்களைப் பிறர்க்கு அறிமுகஞ் செய்தபோது கொண்ட தலைப்பு 'படித்திருக்கிறீர்களா?' என்பதாம். தீர்ப்புக் கூறும் நீதிபதியின் குரலன்று அது. தோழன் ஒருவன் வினவும் குரல். திறனாய்வும் நண்பன் உரையும் ஒரே வேரிலிருந்து கிளைப்பன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஆயின், வேண்டுவது யாது? விருப்பத்தைக் கடிதலன்று; அதற்குக் காரணங் கூறப் பயிற்றுதலே. இதற்கும் நன்னூலே வழிகாட்டும். சிறப்புப்பாயிரத்தில் அமையவேண்டியனவாக அஃது எண்ணுவனவற்றுள் நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பனவும் உள. "இந்நாவல் எதைப் பற்றியது? யார் படித்தற்கு ஏற்றது? படித்தவர் பெறுவது என்ன?" என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறும் மாணவன் திறனாய்வின் வாயிலில் நிற்கின்றான்.

இனி, எம்போன்றார்க்கு உள்ள தனிக்குறை ஒன்று உண்டு. நக்கிள்ஸ் மலைச்சாரலிலுள்ள பல்லேகமவில் வாழ்வார் தமிழ் நாவலொன்று பெற விரும்பின் மாத்தளைக்கோ கண்டிக்கோ செல்லுதல் வேண்டும். கையிலில்லாத நூலை எவரும் பரிந்துரையார். ஈழத்தில் இதற்குச் சான்றும் உண்டு. 1970களில் தென்னிந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தே வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டது. பாலமனோகரனின் 'நிலக்கிளி', செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' முதலியன இளைஞர் கைகளிற் புழங்கின. நூல் கிட்டியதனாற் பேச்சும் எழுந்தது.

மாறாக, எம் மலைநாட்டைப் பாடுபொருளாகக் கொண்ட நாவல்களை எம் மாணாக்கர் ஒருவர்க்கொருவர் கூறக் கேட்டிலேன். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வெளிவந்தது. தோட்டத் தொழிலாளர் வாழ்வை விரித்துரைப்பது. ஊர்ப்பெயரையே தம் பெயரோடு தாங்கிய மாத்தளை சோமுவும் 'எல்லை தாண்டா அகதிகள்' முதலிய நாவல்களைத் தந்துள்ளார். பாட்டனாரும் பாட்டியாரும் பட்ட பாட்டைப் பேரப்பிள்ளைகள் அறியாதிருத்தற்கு அவர்தம் சுவைக்குறைவு காரணமன்று. சோழ இளவரசரை அவர்க்கு அறிமுகஞ் செய்யப் பலர் உளர். தேயிலைக் கொழுந்து பறித்தவளை அறிமுகஞ் செய்வாரில்லை.

ஆதலின் ஆசிரியர் செய்யத்தக்கன இரண்டு. நூலைக் கொணர்ந்து வகுப்பில் வைத்தல் ஒன்று. வைத்தபின் தாம் பேசாது மாணாக்கர் பேசுவதைச் செவிமடுத்தல் மற்றொன்று. முன்னதனினும் பின்னது அரிது. உடன் கற்றோனுக்குப் பாயிரம் உரைக்கும் உரிமையை நன்னூலார் அளித்தனர். அதனை நாம் பறித்தல் முறையன்று.