செலவாகாத பொற்காசு

டில்லிக்கு வந்த இந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாணயம் சேர்க்கும் அன்பர்கள் பலரைச் சந்தித்திருக்கிறேன். சென்ற ஆண்டு கரோல் பாகில் அப்படி ஒரு நண்பர் சிறிய பெட்டி ஒன்றைத் திறந்து நீட்டினார். "ஓரத்தைப் பிடிச்சுப் பாருங்க சார், விரல் ரேகை பட்டுடக் கூடாது" என்று எச்சரிக்கை வேறு! 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கை ஒட்டிக் கிரேக்க நாடு வெளியிட்ட 100 யூரோ பொற்காசு அது. பத்து கிராம் சுத்தத் தங்கம். ஒரு பக்கம் அக்ரோபோலிஸ் குன்று. மறுபக்கம் அந்தப் போட்டியின் சின்னமான ஒலிவ இலை வளையம். 2003லும் 2004லுமாக வந்த ஆறு பொற்காசுகளில் இதுவும் ஒன்று. நோஸஸ் அரண்மனையும் ஒலிம்பியாவும் அந்த வரிசையில் உண்டு.

அழகான வேலைப்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் பார்க்கப் பார்க்க ஒரு குறை தோன்றியது. குன்று ஒரு வாழ்த்து அட்டைப் படம் போலத் தள்ளி நிற்கிறது. அந்தக் குன்றுக்கும் பொன்னுக்கும் உள்ள உண்மையான உறவு இதில் இல்லை.

யவனர் காசு என்றதும் நமக்கு முசிறிதான் நினைவுக்கு வரும். அங்கே வந்தது ரோமப் பேரரசின் பொன். நான் சொல்வது அதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முந்தைய கதை.

பழைய ஏதென்ஸின் காசு வெள்ளிக் காசு. லாரியன் சுரங்கத்து வெள்ளியில், சுமார் 17 கிராம் எடையில், ஒரு பக்கம் அதீனா தேவியின் தலையும் மறுபக்கம் ஆந்தையும் பொறித்து அடித்தார்கள். பொன் கோயிலில் இருந்தது. பார்த்தெனானில் நின்ற அதீனா சிலையின் பொன் தகடுகள் கழற்றி எடுக்கும்படியே செய்யப்பட்டிருந்தன. கி.மு. 431ல் ஸ்பார்ட்டாவோடு போர் மூண்டபோது, பெரிக்ளிஸ் தம் மக்களுக்கு நகரின் கையிருப்பைக் கணக்குச் சொன்னார். வேறு வழியே இல்லையென்றால் இந்த நாற்பது தாலந்துப் பொன்னையும் எடுக்கலாம், ஆனால் எடுத்ததைக் குறையாமல் திருப்பி வைத்துவிட வேண்டும் என்றார். நாற்பது தாலந்து என்றால் ஏறத்தாழ ஆயிரம் கிலோ! வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதை எழுதி வைத்திருக்கிறார்.

அந்த நாளும் வந்தது. ஸிஸிலிப் படையெடுப்பு கி.மு. 413ல் பெருந்தோல்வியில் முடிந்தது. சுரங்க வேலையும் படுத்துவிட்டது. கி.மு. 406 வாக்கில் அக்ரோபோலிஸில் இருந்த பொன்னாலான வெற்றித் தேவதைச் சிலைகளை உருக்கிக் காசு அடித்தார்கள். ஆக, ஏதென்ஸ் பொற்காசு அடித்தது பெருமைக்காக அல்ல, கஷ்டத்துக்காக. கி.மு. 405ல் அரங்கேறிய 'தவளைகள்' நாடகத்தில் அரிஸ்டோஃபனீஸ் இந்தக் காசு விவகாரத்தையே நையாண்டிக்கு எடுத்துக்கொள்கிறார். நல்ல காசை ஒதுக்கிவிட்டு மட்டமான செம்புக் காசைப் புழங்குவது போல, நல்ல மனிதரை விட்டுவிட்டு மட்டமானவரைப் பிடித்துக்கொள்கிறீர்களே என்று ஊரையே கேட்கிறார்.

போரில் ஏதென்ஸ் தோற்றது. ஆனாலும் கடனை மறக்கவில்லை. சுமார் எழுபது ஆண்டுகள் கழித்து, லைகர்கஸ் என்பவர் நிதியைக் கவனித்த காலத்தில் பொன் தேவதைகளைத் திரும்பச் செய்து வைத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் காசுமாலைதான் நினைவுக்கு வந்தது. நான் வேலைக்காக டில்லிக்கு ரயிலேறியபோது அது அடகுக் கடைக்குப் போனது. "போனா போகுது, மீட்டுக்கலாம்டா" என்றாள். மீட்க ஆறு வருஷம் ஆயிற்று. இன்று அதை என் மருமகள் விசேஷங்களுக்குப் போட்டுக்கொள்ளும்போது எல்லோரும் வேலைப்பாட்டைப் புகழ்கிறார்கள். அடகுக் கதையை நான் சொன்னால்தான் தெரியும்.

நினைவுக் காசின் குறையும் இதுதான். பண்பாட்டின் பளபளப்பை மட்டும் காட்டுகிறது. அது ஒரு காலத்தில் ஊரைத் தாங்கியது, ஊர் பிறகு அதைத் தாங்கியது என்பதைக் காட்டவில்லை. முகமதிப்பு 100 யூரோ. உள்ளே இருக்கும் தங்கம் இன்று அதைப் போல் பல மடங்கு விலை பெறும். யார் இதைக் கொடுத்துக் காய்கறி வாங்குவார்கள்?

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு மேசை அறையிலிருந்து இன்னொரு காசை எடுத்துப் போட்டார். 2002 முதல் புழங்கும் கிரேக்கத்தின் சாதாரண ஒரு யூரோ. பழைய வெள்ளிக் காசின் அதே ஆந்தை அதில் இருந்தது. பல கைகள் பட்டு மங்கியிருந்தது. "இதை எப்படி வேணும்னாலும் பிடிக்கலாம் சார்" என்றார்.

எனக்கு அந்த ஆந்தைதான் பிடித்தது.