பறையும் கிட்டாரும் ஒரே மேடையில்

திருச்சபையில் இசையைக் குறித்துப் பேசுகையில் பாடலின் கருத்தையே நாம் பெரிதும் ஆராய்கிறோம். எக்கருவி இசைக்கப்படுகிறது, அதை யாருடைய கை தொடுகிறது, கேட்போர் யார் என்னும் வினாக்களை எழுப்புவதில்லை. இவ்வினாக்களை நம்முன் வைக்கும் இசைக்குழு ஒன்றை இங்குத் திறனாய்வு செய்வோம்.

'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் அக்குழு 2018 சனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முறையாக மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து இதனை உருவாக்கினர். அன்று குழுவினர் 19 பேர். அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வழங்கிய 'சாதிபேதமற்ற தமிழர்' என்னும் சொல்லாட்சியிலிருந்தே குழுவின் பெயர் பிறந்தது. வடசென்னைக் கானாவும் பறையும், மேலைநாட்டு ராக்கும் ராப்பும் அதில் ஒன்றுகூடின.

பலவகை இசையைக் கலப்பது மட்டும் புதுமையன்று. திரையிசை அதை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. ஆயின் திரையிசையில் பறை பெரும்பாலும் விருந்தாளி. திருவிழாக் காட்சிக்கோ சாவுக் காட்சிக்கோ அழைக்கப்பட்டு, காட்சி முடிந்ததும் அனுப்பப்படும். இக்குழுவிலோ பறையும் கானாவும் வீட்டுக்காரராக அமர்ந்து கிட்டாரை வரவேற்கின்றன. இட ஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் பொருளாகக் கொண்டு இவர்கள் பாடுகின்றனர். இறைச்சியை இழிவென்று ஒதுக்கிய சமுதாயமே அம்மாட்டின் தோலால் போர்த்த பறையையும் இழிவென்றது என்பதை எண்ணினால், பாடலும் கருவியும் பொருந்தும் பொருத்தம் விளங்கும். ஆண்களே கோலோச்சிய கானாவில் இசைவாணியின் குரல் ஓங்கி ஒலிப்பதும் குறிப்பிடத்தக்கது.

பறையை நம் சபைகள் பலவும் ஆலயத்திற்குள் அனுமதிக்கவில்லை. இதற்கு மிஷனெரிமாரையும் மேல்சாதிக் கிறிஸ்தவர்களையும் மட்டும் பொறுப்பாக்குவது முறையாகாது. சாவுக்குப் பறையடிப்பது ஒருவர் விரும்பி ஏற்ற கலையாக இருக்கவில்லை; பிறப்பால் சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது. அக்கோலைக் கீழே வைப்பதே விடுதலை என்று கிறிஸ்துவை ஏற்ற பலர் கண்டனர். அந்த மறுப்பில் மாண்பு இருந்தது. எனவே பறையை மீண்டும் கையிலெடுக்கச் சொல்வோர் அதனை யார் எடுப்பது, யாருடைய கட்டளையால் எடுப்பது என்று முதலில் விளக்கவேண்டும். இக்குழுவின் விடை தெளிவானது: எங்கள் விருப்பால் எடுக்கிறோம், எங்கள் வழக்கை உரைக்கவே எடுக்கிறோம்.

ஆயினும் ஒரு குறை உண்டு. கானாவின் வேர்களுள் ஒன்று சாவு வீடு. இறந்தவரின் வாழ்வை இரவெல்லாம் பாடி அழும் மரண கானாவில் ஒப்பாரியின் பொறுமை உண்டு. பெருமேடையின் ஒலிபெருக்கிகளும் முழக்கங்களும் அந்தப் பொறுமைக்குப் போதிய இடமளிப்பதில்லை. அழுகை முடியுமுன்னே கைதட்டல் எழுந்துவிடுகிறது. 137ஆம் சங்கீதத்தில் சிறைப்பிடித்தோர் சீயோனின் பாட்டைக் கேளிக்கைக்காகக் கேட்கின்றனர். சிறைப்பட்டோரோ கின்னரங்களை மரத்தில் தொங்கவிடுகின்றனர். ஒடுக்கப்பட்டோரின் பாட்டு அரங்கேறும்போதெல்லாம் இந்த இடர் உண்டு. கேட்டவன் மகிழ்ந்து வீடு திரும்புவான். அவன் தெருவில் எதுவும் மாறியிராது.

இதே வினாவுக்கு வேறு வழியில் விடை தேடியவர் மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆசிரியர், 'பரட்டை' என்று அறியப்பட்ட ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005). நாட்டுப்புற இசையில் அவர் வழிபாட்டு முறையே அமைத்தார். பாடுவோர் தம் வாழ்வுக்கேற்ப மாற்றிப் பாடத்தக்கதே மக்களிசை என்பது அவர் கொள்கை. ஓருலைச் சோற்றைப் பகிர்ந்துண்பதே அவருக்குத் திருவிருந்தின் உருவகம். கலெக்டிவ் கேட்போரைத் திரட்டுகிறது. அப்பாவு கேட்போரைப் பாடவைத்தார். முன்னதன் துணிவு பின்னதற்கும், பின்னதன் பகிர்வு முன்னதற்கும் தேவை.

சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையில் உள்ள ஆரம்பாக்கத்தை நினைத்துப் பாருங்கள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசப்படும் ஊர் அது. அருகே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வடமாநிலத் தொழிலாளரும் உழைக்கின்றனர். இத்தகைய இடத்தில் ஊழியம் செய்யும் சபைக்குக் கலப்பிசை நவநாகரிகப் பொருளன்று. அக்கம்பக்கத்தாரின் இயல்பான ஒலியே அது. ஆண்டுக்கொருமுறை 'நாட்டுப்புற ஞாயிறு' கொண்டாடி, பறையைக் காட்சிப்பொருளாக்கிவிட்டு, மறுவாரம் எலெக்ட்ரானிக் கீபோர்டுக்குத் திரும்புவோமாயின் நாமும் திரையிசை செய்ததையே செய்தவராவோம்.

ஆகவே ஊழியத்திற்கு ஆயத்தமாகும் இறையியல் மாணவர் இக்குழுவின் பாடல்களைக் கேட்பது நன்று. கேட்டபின் அந்த மேடையைத் தம் ஆலயத்தில் நகலெடுக்க முயலவேண்டாம். தம் சபையில் பறை அறிந்தவர் உண்டா, அவர் அதைத் தொட விரும்புகிறாரா, விரும்பாவிடில் ஏன் என்று முதலில் அவரிடமே சென்று கேட்கட்டும். அவருடைய விடை மறுப்பாயினும் அதை மதித்து ஏற்பதிலிருந்தே நம் வழிபாட்டுச் சீர்திருத்தம் தொடங்கவேண்டும்.