கடலுக்குத் திறந்த மடம்

உம்பர்த்தோ எக்கோ தன் 'ரோஜாவின் பெயர்' நாவலை (1980) 1327ஆம் ஆண்டின் பெனடிக்டின் மடமொன்றுக்குள் பூட்டிவைத்தார். மலை, மதில், அந்நியர் நுழையக்கூடாத நூலகம். அந்தப் பூட்டுத்தான் அதன் சுவை. அதற்குக் கால் நூற்றாண்டுக்கும் முன்பே கல்கி மறுபக்கமாகப் போய்விட்டார். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரை கடலுக்கும் கால்வாய்க்கும் திறந்தே கிடக்கிறது.

காய்ச்சலில் நினைவிழந்த சோழ இளவரசனை, பின்னாளில் ராஜராஜனாகும் அருள்மொழிவர்மனைப், பூங்குழலியும் சேந்தன் அமுதனும் படகில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அதற்கு முன், அநுராதபுரத்தில் பிக்கு சங்கம் நள்ளிரவில் நீட்டிய இலங்கை முடியை மறுத்தவன் அவன். ஒரு மடம் அவனை அரசனாக்கப் பார்த்தது, இன்னொன்று வெறும் நோயாளியாகக் கிடக்கவிட்டது. இலங்கை வாசகனுக்கு முதலாவது காட்சி கூசும். கல்கி கொஞ்சம் தாராளமாகவே கற்பனை செய்துவிட்டார்!

வரலாற்றில் சூடாமணி விகாரை ஸ்ரீவிஜய மன்னர் கட்டியது, ராஜராஜன் ஆனைமங்கலத்தை அதற்குக் கொடையாக்கியதை லெய்டன் செப்பேடு சொல்கிறது. நாவலிலோ அவன் இளவரசனாக இருக்கும்போதே அது ஓங்கி நிற்கிறது. கால வழுதான், பொறுத்துக்கொள்ளலாம். எஞ்சிய கோபுரத்தை 1867இல் இடித்தவர்கள் கத்தோலிக்க இயேசு சபைத் துறவிகள். எக்கோவுக்குத் தெரிந்திருந்தால் ரசித்திருப்பார்.

நாகைக்குப் பக்கத்தில்தான் நாகூர். அந்த ஊர் இறைநேசர் நாகூர் ஆண்டகை பேரில் இலங்கையின் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாங்கள் கொடியேற்றுகிறோம். கல்கியில் விகாரைக்குள் புகும் கடல் கொந்தளிப்பை இங்கே யாரும் வெறும் வருணனையாக வாசிப்பதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி நாகையையும் கல்முனையையும் ஒரே காலையில் அடித்தது. கல்கியின் தண்ணீர் படிப்படியாக ஏறுகிறது. விகாரையின் ஆச்சாரிய பிக்கு புத்தர் சிலையின் பாதத்தைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று கிடக்க முடிகிறது. அது புயல் நீர். சுனாமி அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை.

ஆனால் மனிதரைக் கல்கி சரியாகப் பிடித்திருக்கிறார். பிக்குவின் பிடிவாதத்தை மூடத்தனம் என்று அவர் நையாண்டி செய்யவில்லை, தியாகம் என்று தூக்கிப் பிடிக்கவுமில்லை. இளவரசன் அவரோடு தத்துவம் பேசிக்கொண்டு நிற்பதில்லை. மூழ்கிப் போய், வலுக்கட்டாயமாகத் தூக்கிவருகிறான். பக்கம் பக்கமாக வசனம் எழுதக்கூடியவர், அந்த இடத்தில் கையை அடக்கிக்கொண்டார்.