லாரி ஹோம்ஸ்: பின்னால் வந்தவன் செய்த குற்றம்

1980ன் தொடக்கத்தில் முகம்மது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு வெகுகாலம், நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையில் எம்.ஜி.ஆர். படத்துக்குப் பக்கத்தில் அலி படமும் தொங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி லாஸ் வேகாஸில் அந்த அலியைத் தோற்கடித்த லாரி ஹோம்ஸின் படத்தை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டேன். ‘அவனா? வயசான மனுஷனப் போட்டு அடிச்சவன்தானே’ என்றார். உலகம் ஹோம்ஸுக்குச் சொன்ன தீர்ப்பும் ஏறத்தாழ இதுதான். இந்தத் தீர்ப்பு எப்படிக் கட்டப்பட்டது, அதில் நமக்கும் என்ன பங்கு என்பதைத்தான் இங்கே பேச நினைக்கிறேன்.

முதலில் கணக்கு. ஹோம்ஸ் 1949இல் ஜார்ஜியாவில் பிறந்து, பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் வளர்ந்தவர். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, கார் கழுவும் இடத்தில் வேலைக்குப் போனவர். 1978 ஜூன் 9ஆம் தேதி கென் நார்ட்டனை 15 ரவுண்டுகளில் வென்று கனரகப் பட்டத்தைப் பிடித்தார். புள்ளி நடுவர் இருவர் 143-142 என்று இவர் பக்கம். மூன்றாமவர் அதே கணக்கில் நார்ட்டன் பக்கம். அவ்வளவு நெருக்கம். பிறகு ஏழு ஆண்டுகளுக்கு மேல் பட்டத்தை 20 முறை காத்தார். அதுவரை அவரைவிட அதிகமுறை காத்தவர் 25 முறை காத்த ஜோ லூயிஸ் ஒருவரே.

இந்தக் கணக்கின் அடியில் இருப்பது ஓர் இடது கை. முன்கையை நேராக நீட்டி உடனே இழுத்துக்கொள்ளும் குத்தை ‘ஜாப்’ என்பார்கள். பலருக்கு அது எதிராளியின் தூரத்தை அளக்க, அடுத்து வரும் பெரிய குத்துக்கு வழிசெய்ய. ஹோம்ஸுக்கு அதுவே சண்டை. எதிராளி காலை ஊன்றும் முன்பே அது முகத்தில் விழும். ஊன்றி முடிப்பதற்குள் இன்னொன்று. ஒரு ஜாபைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. பத்து ரவுண்டு கழித்து எதிராளியின் கண் வீங்கி மூடும்போதுதான் என்ன நடந்திருக்கிறது என்பது புரியும். நாக்-அவுட் ஒரு சம்பவம். அதைப் புகைப்படமாக எடுத்துச் சுவரில் மாட்டலாம். ஜாப் வெறும் உழைப்பு. அதை எப்படி மாட்டுவது?

இங்கேதான் ‘வாரிசு’ என்ற கதையாடல் நுழைகிறது. ஹோம்ஸ் பட்டம் வென்றபோது உலகம் லியான் ஸ்பிங்க்ஸிடம் தோற்றிருந்த அலியின் மறுபோட்டியைத்தான் எதிர்பார்த்துக் கிடந்தது. தானும் அலியிடம் பயிற்சிச் சண்டைக்காரராக வேலை பார்த்துத் தொழில் கற்றவரே. 1980இல் அந்த ஆசானே, 38 வயதில், எதிரே வந்து நின்றார். ஹோம்ஸுக்கு ஜெயிக்க வழியே இல்லை என்று சொல்வேன். தோற்றால் அவர் ஒன்றுமில்லை; ஜெயித்தால் கொலைகாரன். அடித்துக்கொண்டே, சண்டையை நிறுத்தச்சொல்லி நடுவரைப் பார்த்தார். பத்தாவது ரவுண்டு முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ நிறுத்தினார். ஜெயித்தவர் அழுதார். 1984இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரியவந்தபிறகு அந்த வெற்றி இன்னும் கறையானது. அலியை மேடையேற்றிக் காசு பார்த்தவர்கள்மீது விழவேண்டிய பழி, சம்பளத்துக்கு அடித்தவர் தலையில் விழுந்தது.

இரண்டாவது கதையாடல் நிறம் சம்பந்தப்பட்டது. 1910இல் கறுப்பரான ஜாக் ஜான்சனை வீழ்த்த ஜிம் ஜெஃப்ரீஸை அழைத்துவந்த அந்த ‘வெள்ளை நம்பிக்கை’, 1982 ஜூன் 11ஆம் தேதி ஜெர்ரி கூனி வடிவத்தில் திரும்பி வந்தது. சாம்பியனைக் கடைசியாக அறிமுகம் செய்வதுதான் மரபு. அன்று கடைசியாக அறிமுகம் செய்யப்பட்டவர் கூனி. பதிமூன்றாவது ரவுண்டில் ஹோம்ஸ் அதற்கு முடிவு கட்டினார். அப்போதும் அவர் நாயகனாகவில்லை. வெள்ளையர்களுக்கு அவர் கறுப்பர். கறுப்பர்களுக்கோ அவர் அலி இல்லை. இரண்டு ‘இல்லை’களுக்கு நடுவில் கிடந்த ஒரு பெயர். (கூனி பிற்காலத்தில் அவருக்கு நண்பரானார். இனப்பகையை யார் யாருக்காகத் தயாரித்தார்கள் என்பதற்கு இதுவே சாட்சி.)

எதிர்வாதங்கள் உண்டு, மழுப்ப விரும்பவில்லை. நார்ட்டனுக்கு மறுபோட்டி கொடுக்கவில்லை. 1983இல் டிம் விதர்ஸ்பூனோடும், 1985இல் கார்ல் வில்லியம்ஸோடும் தப்பிப் பிழைத்தார் என்றே சொல்லவேண்டும். அவர்களுக்கும் மறுபோட்டி இல்லை. தனக்குப் போட்டியாக உலகப் பட்டம் வைத்திருந்த எவரையும் சந்தித்துப் பட்டங்களை ஒன்றாக்கவில்லை. வாயும் சும்மா இருக்காது. 1985 செப்டம்பர் 21இல், 48 வெற்றிகளுக்குப்பிறகு, மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். அந்த ஒன்றை வென்றிருந்தால் தோல்வியே காணாத ராக்கி மார்சியானோவின் 49ஐத் தொட்டிருப்பார். தோற்ற எரிச்சலில் மார்சியானோவைப் பற்றி மலிவாக ஒரு வார்த்தை சொன்னார். பிறகு மன்னிப்பும் கேட்டார். நாற்பத்தெட்டு வெற்றிகளை மறந்தவர்கள் அந்த ஒரு வார்த்தையை மட்டும் மறக்கவில்லை. அலியின் வாய்த்துடுக்கு கவிதை, ஹோம்ஸின் கசப்பு மட்டும் பண்பாடின்மை என்றால், அளவுகோல் யாருடையது?

1988இல் மைக் டைசன் நான்காவது ரவுண்டில் அவரைச் சாய்த்ததோடு கதை முடிந்தது என்றார்கள். 1992இல், 42 வயதில், ஒலிம்பிக் தங்கம் வென்ற ரே மெர்சரைக் கயிற்றோரம் சாய்ந்து நின்றபடியே ஏய்த்து ஜெயித்தார். தொழில் கையில் இருந்தது. 2008இல் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். மரியாதைதான். ஆனால் மரியாதை வேறு, வாசிப்பு வேறு.

எனக்கு முக்கியமாகப் படுவது நம் பக்கத்துத் தவறு. அலி போருக்குப் போக மறுத்தார், பட்டத்தை இழந்தார். அந்த எதிர்ப்பைக் கொண்டாடுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் எதிர்ப்பை உரக்கப் பேசுகிற உடலை மட்டுமே வரலாற்றின் உடலாக அங்கீகரிக்கப் பழகிவிட்டோம். கார் கழுவிய கை, அதே பொறுமையோடு ஏழு ஆண்டுகள் வேலை செய்ததை நாம் வாசிக்கவில்லை. அதில் கோஷம் இல்லையாம். உழைப்பின் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் ஓர் உழைப்பாளியைப் பார்த்து ‘இவனிடம் கதை இல்லையே’ என்று முகம் திருப்பியது எப்படி? முடிவெட்டும் கடைக்காரரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கும் தெரியவில்லை. நானும் தலையாட்டிவிட்டு வந்தவன்தான்.